கேட்டபின் கட்டுவோம்



பங்கில் பழைய கோவில் சிறுத்துப் போயிற்று, புதியது ஒன்று எழுப்ப வேண்டும் என்ற எண்ணம் எழும்போது என்ன நடக்கின்றது என்பதை நாம் அனைவரும் அறிவோம். மக்கள் கூடிப் பேசுகின்றனர். குடும்பத்திற்கு இவ்வளவு என்று வரி வைக்கின்றனர். பொறியாளரை அழைத்து வரைபடம் போடச் சொல்கின்றனர். எனினும் ஆயரின் எழுத்து மூலமான இசைவு வந்து சேரும்வரை அடிக்கல் நாட்ட இயலாது. 1983-ஆம் ஆண்டு வெளியிடப்பெற்ற திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 1215-ஆம் விதி இதனைத் தெளிவாக வரையறுக்கின்றது. இசைவு தருமுன் ஆயர் தம் குருக்கள் மன்றத்தையும், அண்டைக் கோவில்களின் அதிபர்களையும் கலந்து பேச வேண்டும். புதுக் கோவில் ஆன்மாக்களுக்கு நன்மை பயக்குமா, அதனைக் கட்டுவதற்கும் அதில் வழிபாடு நடைபெறுவதற்கும் வேண்டிய பொருள் கிட்டுமா என்று ஆய்ந்து பார்க்க வேண்டும். அவசரக்காரர்களுக்கு இது வீண் தாமதமாகத் தோன்றும். பாதியில் நின்று புல் முளைத்துக் கிடக்கும் சுவர்களைக் கண்டவர்களுக்கோ இதன் அருமை விளங்கும்.

இத்திங்கள் இதனைப் பற்றி எழுதத் தூண்டியது ஒரு தந்தையின் கேள்வி. அவருடைய மகளுக்கு அமெரிக்காவில் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்திருக்கின்றது. நிலத்தை அடகு வைத்துப் பணம் திரட்டியாயிற்று. இந்நிலையில், அக்கல்லூரி வேறொரு பல்கலைக்கழகத்தோடு இணையப் போகின்றது என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது. "கல்லூரியின் பெயரே மாறிவிட்டால் என் மகள் வாங்கும் பட்டம் செல்லுமா? இப்படி நினைத்தபடி மாற்றிக்கொள்ள அவர்களுக்கு உரிமை உண்டா? கேட்பார் யாரும் இல்லையா?" என்று அவர் கலங்கினார்.

கேட்பார் உண்டு. அவர்கள் யார், எதைக் கேட்கின்றனர், அவர்களிடம் கேட்டு நடந்தவர்களுக்கும் உள்ளதை மறைத்தவர்களுக்கும் என்ன நேர்ந்தது என்பதை இங்குச் சற்று விரிவாகக் காண்போம்.

சான்று தருபவர் யார்?

அமெரிக்க ஐக்கிய நாட்டில் உயர்கல்வியின் தரத்தை உரசிப் பார்க்கும் பணியை அரசு நேரடியாகச் செய்வதில்லை. கல்லூரிகள் தாமே கூடி அமைத்துக்கொண்ட சங்கங்கள் அதனைச் செய்கின்றன. புதிய இங்கிலாந்து மாநிலங்களின் சங்கம் 1885-இலும், மிடில் ஸ்டேட்ஸ் சங்கம் 1887-இலும், வட மத்திய மாநிலங்களின் சங்கமும் தென் மாநிலங்களின் சங்கமும் 1895-இலும் தோன்றின. எந்தப் பள்ளியில் படித்தவன் கல்லூரிக்குத் தகுதியானவன், எந்தக் கல்லூரியின் படிப்பைப் பிற கல்லூரிகள் நம்பி ஏற்கலாம் என்பதைத் தங்களுக்குள் முடிவு செய்துகொள்வதே தொடக்கத்தில் அவற்றின் நோக்கமாக இருந்தது. நம் நாட்டில் பல்கலைக்கழக மானியக் குழு 1994-இல் அமைத்த தேசிய மதிப்பீட்டு, தரச்சான்று அவையிலிருந்து இவை இவ்வகையில் வேறுபட்டவை.

கொரியப் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் கல்விக்காக 1952-இல் அமெரிக்க அரசு ஒரு சட்டம் இயற்றியபோது நிலைமை மாறியது. அரசுப் பணம் போலிக் கல்லூரிகளுக்குப் போய்விடாமல் காக்க, நம்பத் தகுந்த சங்கங்களின் பட்டியலை அரசு வெளியிட வேண்டியதாயிற்று. 1965-ஆம் ஆண்டின் உயர்கல்விச் சட்டம் மாணவர் உதவித் தொகையையும் கடனையும் பெருமளவில் விரிவாக்கியது. அதன்பின், தரச் சான்று இல்லாத கல்லூரியின் மாணவனுக்கு நடுவண் அரசின் உதவி கிட்டாது என்ற நிலை உறுதிப்பட்டது. ஆகவே ஒரு கல்லூரியின் மாணவர்கள் நடுவண் அரசின் உதவியைப் பெற, அக்கல்லூரிக்கு மாநில அரசின் உரிமம் வேண்டும். தரச் சான்று ஆணையத்தின் ஏற்பு வேண்டும். நடுவண் அரசின் தகுதிச் சீட்டு வேண்டும். மூன்றில் ஒரு கால் ஒடிந்தாலும் முக்காலி நில்லாது.

சான்று ஒரு முறை பெற்றுவிட்டால் போதுமா? போதாது. நான்கு அறைகளும் ஒரு நூலகமும் உள்ள கல்லூரிக்குத் தந்த சான்று, நாளை அது நாற்பது கிளைகளாகப் பெருகும்போதும் அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியுமா? கடையின் பெயர்ப் பலகை பழையதாக இருக்க, உள்ளே வணிகரும் சரக்கும் மாறிவிட்டால் வாங்குபவன் ஏமாறுவான் அல்லவா? ஆகவேதான் பெரிய மாற்றம் எதனையும் செய்யுமுன் ஆணையத்தின் முன்னனுமதியைப் பெற வேண்டும் என்ற விதி ஏற்பட்டது.

எவை பெரிய மாற்றங்கள்?

நடுவண் அரசின் கல்வித்துறை விதிகள் இவற்றை வரிசைப்படுத்தியுள்ளன. கல்லூரியின் அடிப்படை நோக்கம் மாறுதல். அதன் உடைமையோ சட்ட நிலையோ ஆளுகையோ கைமாறுதல். இதுவரை நடத்தியவற்றிலிருந்து பெரிதும் வேறுபட்ட பாடத்தைத் தொடங்குதல். இளங்கலையோடு நின்ற கல்லூரி முதுகலையோ முனைவர் பட்டமோ தர முற்படுதல். மற்றொரு நிறுவனத்தையோ அதன் பாடப்பிரிவையோ தன்னுடையதாக்கிக் கொள்ளுதல். ஒரு பட்டப் படிப்பின் பாதியையோ அதற்கு மேலோ நடத்தும் புதிய கிளையை வேறிடத்தில் திறத்தல் ஆகியன அவற்றுள் முக்கியமானவை. தகுதிச் சீட்டு இல்லாத வெளி நிறுவனம் ஒன்றிடம் பாடத்தின் நான்கில் ஒரு பங்குக்கு மேல் ஒப்படைப்பதற்கும் அனுமதி வேண்டும். பாதிக்கு மேல் ஒப்படைக்கவோ இடமே இல்லை.

புதிதாக ஒரு விருப்பப் பாடத்தைச் சேர்ப்பதற்கோ, விடுதிக்கு இன்னொரு மாடி எழுப்புவதற்கோ எவரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மாணவன் சேர்ந்தபோது எந்தக் கல்லூரியை நம்பிச் சேர்ந்தானோ அக்கல்லூரியின் இயல்பையே மாற்றுவது எதுவோ, அதற்குத்தான் கேட்க வேண்டும்.

என்ன கேட்பார்கள்?

ஆணையங்களின் படிவங்களும் தவணைகளும் வேறுபடலாம். நடைமுறையின் போக்கு பெரும்பாலும் ஒன்றே. ஆணையத்தோடு தொடர்பு கொள்வதற்கென்றே ஒவ்வொரு கல்லூரியிலும் ஓர் அலுவலர் இருப்பார். மாற்றத்தைப் பற்றிய எண்ணம் உருவாகும் நிலையிலேயே அவர் ஆணையத்திற்குத் தெரிவிக்கின்றார். பின்னர் விரிவான விண்ணப்பம் செல்கின்றது. அதனைப் பிற கல்லூரிகளின் பேராசிரியர்களும் முதல்வர்களும் படித்துப் பார்க்கின்றனர். தேவையானால் நேரில் வந்து ஆசிரியர்களையும் மாணவர்களையும் கண்டு பேசுகின்றனர். அவர்களது அறிக்கை ஆணையத்தின் முன் வைக்கப்பெற்று, ஏற்பதா, நிபந்தனையோடு ஏற்பதா, மறுப்பதா என்று முடிவாகின்றது. உடைமை மாறினால், மாறிய ஆறு மாதத்திற்குள் ஆணையத்தார் நேரில் சென்று பார்க்க வேண்டும் என்பதும் விதி.

அவர்கள் கேட்கும் கேள்விகளைப் பாருங்கள். இம்மாற்றம் எதற்காக? இதனால் மாணவருக்கு என்ன நன்மை? கற்பிக்கத் தகுதியான ஆசிரியர்கள் உள்ளனரா? ஆசிரியர்களையும் ஆட்சிக் குழுவையும் கலந்து பேசினீர்களா? வருங்கால ஆண்டுகளுக்கான வரவு செலவுக் கணக்கு எங்கே? எதிர்பார்த்த எண்ணிக்கையில் மாணவர் சேராவிடில் என்ன செய்வீர்கள்? முயற்சி தோற்றால் நடுவழியில் நிற்கும் மாணவர்களை எப்படிக் கரை சேர்ப்பீர்கள்?

புதுக் கோவிலைப் பற்றி ஆயர் ஆராய வேண்டியவற்றோடு இவற்றை ஒப்பிட்டுப் பாருங்கள். நன்மை உண்டா, பொருள் உண்டா, அக்கம்பக்கத்தாரைக் கேட்டாயா என்ற மூன்றும் இரண்டிலும் இருக்கின்றன.

கேட்டு நடந்தவர்கள்

பிலடெல்பியா நகரில் இயேசு சபையார் 1851-இல் நிறுவிய புனித சூசையப்பர் பல்கலைக்கழகம் இருக்கின்றது. அதே நகரில் 1821-இல் மருந்தியல் கல்லூரியாகத் தோன்றி வளர்ந்தது அறிவியல் பல்கலைக்கழகம். இவை இரண்டும் இணைவதென 2021-இல் உடன்பாடு கண்டன. கையொப்பமிட்ட மறுநாளே பலகையை மாற்றிவிடவில்லை. மிடில் ஸ்டேட்ஸ் ஆணையத்தின் ஒப்புதல் கிடைத்த பின்னரே, 2022 ஜூன் 1 அன்று, இணைப்பு நிறைவேறிற்று. இருநூறு ஆண்டுக் கல்லூரி ஒன்று தன் பெயரை இழந்ததில் பழைய மாணவர்களுக்கு வருத்தம் இருந்திருக்கலாம். ஆயினும் மருந்தியல் மாணவர் எவருடைய படிப்பும் அறுந்து போகவில்லை. பின்னர் 2024-இன் தொடக்கத்தில் பென்சில்வேனியா சுகாதார அறிவியல் கல்லூரியும் இவ்வாறே அப்பல்கலைக்கழகத்தோடு இணைந்தது.

மூடுவதற்கும் ஒரு முறை உண்டு. குடியேறிய ஏழைகளின் அன்னையான புனித பிரான்சிஸ் சவேரியார் கப்ரினியைத் திருச்சபை 1946-இல் புனிதராக உயர்த்தியது. அவர் நிறுவிய இயேசுவின் திரு இருதய மறைபரப்புச் சகோதரிகள் 1957-இல் பிலடெல்பியாவுக்கு அருகில் கப்ரினி கல்லூரியைத் தொடங்கினர். மாணவர் தொகை குறைந்து, பணமுடை பெருகி, இனி நடத்த இயலாது என்ற நிலை வந்தபோது, 2023-இலேயே அதனை வெளிப்படையாக அறிவித்தனர். ஓர் ஆண்டு முழுவதும் மாணவருக்குக் கெடு இருந்தது. எஞ்சிய மாணவர்கள் வேறு கல்லூரிகளில் படிப்பை முடிப்பதற்கான உடன்பாடுகள் செய்யப்பட்டன. 2024-இல் கதவு மூடப்பட்டது. வளாகம் அகுஸ்தீன் சபையாரின் வில்லனோவா பல்கலைக்கழகத்திற்குச் சென்றது. ஒரு கல்லூரி இறப்பது துயரமே. ஆனால் பிள்ளைகளைக் கூப்பிட்டு, உள்ளதைச் சொல்லி, ஒவ்வொருவரையும் ஒரு கையில் பிடித்துக் கொடுத்துவிட்டுக் கண் மூடும் தாயின் சாவுக்கும், சொல்லாமல் கொள்ளாமல் வீட்டைப் பூட்டிச் செல்பவரின் செயலுக்கும் வேறுபாடு உண்டு.

பாஸ்டனுக்கு அருகில் இருந்த மவுண்ட் ஐடா கல்லூரி 2018 ஏப்ரலில் திடீரென மூடப்போவதாக அறிவித்தது. சில வாரங்களில் அப்பருவத்தோடு எல்லாம் முடிந்தது. அடுத்த ஆண்டுக்கு வேறு இடம் தேடி மாணவர்கள் அலைந்தனர். அந்த அனுபவத்திற்குப் பின், கல்லூரிகளின் நிதிநிலையை முன்கூட்டியே கண்காணிக்க மாசசூசெட்ஸ் மாநிலம் 2019-இல் சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று.

மறைத்ததால் வந்த கேடு

இனி நாம் கூறப்போவது நெஞ்சை உறுத்தும் வரலாறு. இலாப நோக்கோடு நடத்தப்பட்ட ‘ஆர்ட் இன்ஸ்டிடியூட்’ என்னும் கலைக் கல்லூரிகளையும், ஆர்கசி பல்கலைக்கழகத்தையும் வாங்க, லாஸ் ஏஞ்சல்ஸ் நகரைச் சேர்ந்த ‘டிரீம் சென்டர்’ என்ற கிறிஸ்தவ அறப்பணி நிறுவனம் 2017-இல் முன்வந்தது. வீடற்றவர்களுக்கும் வறியவர்களுக்கும் உதவி வந்த நிறுவனம் அது. கல்லூரிகளை இனி இலாபமின்றி நடத்துவோம், வரும் பயனை அறப்பணிக்குச் செலவிடுவோம் என்றது. நோக்கம் எவ்வளவு உயர்ந்தது! ஆனால் இத்தனை பெரிய கல்லூரித் தொகுதியை நடத்திய பயிற்சி அதற்கு இல்லை.

உடைமை மாறுவதால், சிகாகோவிலுள்ள உயர்கல்வி ஆணையத்தின் அனுமதி தேவைப்பட்டது. ஆணையம் 2017 நவம்பரில் ஒரு நிபந்தனையோடு இசைந்தது. இல்லினாய் கலை நிறுவனமும் கொலராடோ கலை நிறுவனமும் புதிய உடைமையாளரிடம் போகும் நாளில் தங்கள் தரச் சான்றை இழந்து, மீண்டும் அதனைப் பெற முயலும் ‘விண்ணப்ப நிலை’க்கு இறங்க வேண்டும் என்பதே அது. புதிய உடைமையாளர் அதனை ஏற்றுக்கொண்டார். 2018 ஜனவரி 20 அன்று அம்மாற்றம் நடைமுறைக்கு வந்தது. அன்றே ஆணையம் அதனைப் பொது அறிவிப்பாக வெளியிட்டது.

கல்லூரிகள் தம் மாணவரிடம் சொன்னது என்ன? சான்று பறிபோய்விட்டது என்று சொல்லவில்லை. விண்ணப்ப நிலையில் இருந்தபடியே சான்று தொடர்கின்றது என்ற பொருள்படவே எழுதின. உண்மை மாணவருக்குத் தெரிய 2018 ஜூன் ஆகிவிட்டது. அதுவரை ஐந்து மாத காலம் அப்பிள்ளைகள் கடன் வாங்கிக் கட்டணம் செலுத்தினர், இரவெல்லாம் விழித்து ஓவியம் தீட்டினர், தேர்வு எழுதினர். சான்றில்லாத காலத்தில் ஈட்டிய மதிப்பெண்களைப் பிற கல்லூரிகள் ஏற்குமா என்ற ஐயம் பின்னால் காத்திருந்தது அவர்களுக்குத் தெரியாது. அவ்வாண்டு டிசம்பரில் இரு கல்லூரிகளும் மூடப்பட்டன. 2019 மார்ச்சில் ஆர்கசி பல்கலைக்கழகமும் வீழ்ந்தது. மாணவர்களுக்குச் சேர வேண்டிய உதவித் தொகை அவர்கள் கைக்குப் போய்ச் சேரவில்லை என்பதால் அதற்கு முந்தைய மாதமே அரசு அப்பல்கலைக்கழகத்திற்கு உதவியை நிறுத்தியிருந்தது. 2019 நவம்பரில், அவ்விரு கலைக் கல்லூரிகளிலும் சான்றில்லாத காலத்தில் படித்த 1,500 மாணவர்களுக்கு மேற்பட்டோரின் கடனை நடுவண் கல்வித்துறை தள்ளுபடி செய்தது. பணம் திரும்பலாம். ஓர் இளைஞனின் இழந்த ஆண்டினை எந்தத் துறை திருப்பித் தரும்?

இங்கு நாம் நடுநிலையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆணையத்தின் முடிவையும் குறை கூறியோர் உண்டு. கற்றுக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் தலைமீது அவ்வளவு கடுமையான நிபந்தனையை இறக்கலாமா என்று அவர்கள் கேட்டனர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. இத்தகைய ஆணையங்கள் தவறே செய்யாதவை அல்ல. அவை தாமதிப்பதுண்டு, தாள்களைப் பெருக்குவதுண்டு, சிறு கல்லூரிகளுக்குச் செலவைக் கூட்டுவதுமுண்டு. தங்களிடம் சந்தா செலுத்தும் கல்லூரிகளைத் தாங்களே கண்டிக்கத் தயங்குகின்றன என்ற புகாரும் நெடுநாளாக உண்டு. இவற்றை உணர்ந்தே, 2020 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த திருத்த விதிகள், சில வகை மாற்றங்களை ஆணையத்தின் மூத்த அலுவலர்களே விரைந்து முடிவு செய்ய இடமளித்தன.

ஆனால் அந்த மாணவர்களை வீழ்த்தியது அனுமதி கேட்கும் முறையா? கேட்டபின் கிடைத்த விடையை மறைத்த செயலே அவர்களை வீழ்த்தியது. ஜனவரியிலேயே உண்மையைச் சொல்லியிருந்தால், வேறு கல்லூரிக்கு மாற விரும்பியவர் மாறியிருப்பர். தங்க விரும்பியவர் தெரிந்தே தங்கியிருப்பர். அறப்பணி என்ற பெயரும் கிறிஸ்துவின் பெயரும் நம்மை வரவு செலவுக் கணக்கிலிருந்தோ, வாய்மையிலிருந்தோ விடுவிப்பதில்லை. நல்ல நோக்கம் உடையவர்களுக்கு இச்சோதனை மிகுதி. நாம் செய்வது இறைவனின் பணி, நம்மை யார் கேட்பது என்ற எண்ணம் மெல்ல உள்ளே நுழைந்துவிடும்.

பெற்றோர் செய்ய வேண்டியது

மகளை அனுப்பவிருக்கும் அத்தந்தைக்கு நாம் கூறிய விடை இதுவே. இணைப்பு என்றதும் அஞ்ச வேண்டாம். முறைப்படி ஒப்புதல் பெற்ற இணைப்பில் பட்டத்திற்கு ஊறு நேராது. ஆனால் கல்லூரியின் அழகிய விளம்பரத் தாளோடு நின்றுவிட வேண்டாம். தரச் சான்று ஆணையங்கள் தங்கள் முடிவுகளைப் பொதுமக்கள் காணும்படி வெளியிடுகின்றன. அங்கே நேராகப் பாருங்கள். கல்லூரிக்கு இன்று முழுச் சான்று உண்டா, அல்லது அது விண்ணப்ப நிலையில் மட்டும் இருக்கின்றதா? அண்மையில் உடைமை மாறியதா? இணைப்புக்கு ஒப்புதல் கிடைத்தாயிற்றா, இன்னும் ஆய்வில் இருக்கின்றதா? பிள்ளை படிக்கவிருக்கும் கிளையும் பாடமும் அச்சான்றுக்குள் அடங்குமா? ஒருவேளை பாடம் நிறுத்தப்பட்டால் முடித்துக் கொடுக்க எந்தக் கல்லூரியோடு உடன்பாடு உண்டு? இவ்வைந்தையும் கடிதம் எழுதிக் கேளுங்கள். கேட்பதற்கு வெட்கப்படாதீர்கள். விடை சொல்லத் தயங்கும் கல்லூரிக்கு அடகுப் பணத்தை அனுப்ப நீங்களும் தயங்குங்கள்.

நம் கல்வி நிறுவனங்களை நடத்தும் பெரியோர்க்கும் பணிவோடு ஒரு சொல். புதிய கட்டடமும் புதிய பாடமும் திறக்கும் நாளில் மாலையும் மேளமும் இருக்கும். அதற்கு முன் ஒரு நாள், ஆசிரியர்களோடும் பெற்றோர்களோடும் உட்கார்ந்து, "இது தோற்றால் நம் பிள்ளைகளை எங்கே கொண்டு சேர்ப்போம்?" என்ற கேள்விக்கு விடை எழுதி வையுங்கள். அந்த விடை எழுதப்படும்வரை மேளக்காரர் காத்திருக்கட்டும்.

கோபுரம் எழுப்ப எண்ணியவனைப் பற்றி நம் ஆண்டவர் கூறிய உவமையை நாம் சிறு வயது முதல் கேட்டு வருகின்றோம். முதலில் அமர்ந்து கணக்குப் பாராமல் தொடங்கியவனைப் பார்த்து ஊரார் நகைப்பர் என்று அங்கே கூறப்படுகின்றது. கல்லூரி என்னும் கோபுரம் பாதியில் நின்றால் நகைப்பதற்கு ஊராருக்கு மனம் வராது. ஏனெனில் அதன் படிக்கட்டில் நிற்பவர்கள் நம் பிள்ளைகள். ஆகவே அமர்வோம், கணக்கிடுவோம், கேட்க வேண்டியவர்களைக் கேட்போம், கிடைத்த விடையை மறைக்காது சொல்வோம். அதன்பின் கட்டுவோம். இறைவன் நம் முயற்சிகளுக்குத் துணை நிற்பாராக.